ஹார்ட்கோர் பட்டத்தைக் கொன்றது யார்?

ஏப்ரல் 3, வாசகர் ஒருவரின் வாதம்

கதை எழுதி மல்யுத்தம் காட்டும் அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். நடத்திய, கையில் கிடைத்ததையெல்லாம் ஆயுதமாக்கி மோதும் ஹார்ட்கோர் சாம்பியன்ஷிப்பை நான் பட்டமாகவே கணக்கில் எடுப்பதில்லை. நான்கு ஆண்டுகூட நிறையவில்லை, அதற்குள் 240 ஆட்சிக் காலங்கள். சாம்பியனை எந்நேரமும் எங்கேயும் மடக்கிப் பட்டத்தைப் பறிக்கலாம் என்ற 24/7 விதி வந்த அன்றைக்கே அது செத்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் பிணத்தை வைத்து ஆடிய கூத்து. மறுப்பு உண்டா?

ஏப்ரல் 4, காலை

உண்டு. அது எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து வருகிறேன்.

1998 நவம்பர் 2, நிறுவனத்தின் வாராந்தரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ரா. நிறுவன முதலாளி வின்ஸ் மக்மஹன் ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்து மேன்கைண்ட் என்ற வீரரிடம் நீட்டுகிறார். போட்டியும் இல்லை, தகுதிச் சுற்றும் இல்லை. சும்மா கொடுக்கிறார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மக்மஹனைச் சிரிக்க வைக்க, கையில் காலுறையை மாட்டிக்கொண்டு பொம்மலாட்டம் காட்டியிருந்தார் மேன்கைண்ட். முதலாளியைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துக் கொண்டாடும் பிள்ளை என்பது கதை. தகப்பன் திருப்பிக் கொடுத்தது என்ன? பழைய உலக சாம்பியன் பெல்ட் ஒன்று. தகடு உடைந்தது. டேப் சுற்றி ஒட்டி, மேலே 'ஹார்ட்கோர் சாம்பியன்' என்று எழுதியது.

மேன்கைண்ட் அதை மார்போடு அணைத்துக்கொள்கிறார். இரண்டே வாரத்தில் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில், உலகப் பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் அதே மக்மஹன் அவரைக் கவிழ்த்தார். எதிராளி ராக் பிடியைப் போட்டதுமே, மேன்கைண்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாதபோதும், மணியை அடிக்கச் சொன்னார்.

ஆக, இந்தப் பெல்ட் ஏமாளி ஒருவனின் கையில் திணிக்கப்பட்ட பரிசு. அதற்குக் கம்பீரம் குறைந்துவிட்டது என்று 2000-த்தில் அழுவதற்கு ஒன்றுமில்லை. கம்பீரம் முதலிலேயே கிடையாது.

ஏப்ரல் 4, மாலை

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1998 நவம்பர் 2 முதல் 2002 ஆகஸ்ட் 26 வரை 1,393 நாட்கள். 240-ஆல் வகுத்தால் ஆளுக்கு ஆறு நாள்கூட வரவில்லை. ஆனால் சராசரி இங்கே வழிகாட்டாது. பிக் பாஸ் மேன் 1999 அக்டோபரில் வென்று அடுத்த ஜனவரிவரை, மூன்று மாதத்துக்கு மேல், விடாமல் வைத்திருந்தார். வேறு சிலர் முப்பது நொடி வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு வகுத்து என்ன பயன்?

ஏப்ரல் 6

"24/7 வருவதற்கு முன்னால் மட்டும் என்ன கிழித்தார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிழித்தார்கள் ஐயா. முதல் பதினைந்து மாதங்கள் அந்த விதி இல்லை. எனக்கு அதுதான் பொற்காலமோ என்று தோன்றுவதும் உண்டு.

1999 பிப்ரவரி 14, மெம்ஃபிஸ். ரோடு டாக் காயம்பட்டதால் பட்டம் காலியாகக் கிடந்தது. அதற்காக பாப் ஹோலியும் அல் ஸ்நோவும் மோதினார்கள். அந்த நகரத்தின் அரங்கம் பிரமிட் வடிவக் கட்டடம்; சற்றுத் தள்ளி மிசிசிப்பி ஆறு. ரிங்கில் தொடங்கி, பார்வையாளர் வரிசையைத் தாண்டி, நடைவழியில் உருண்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்கள். பிப்ரவரிக் குளிர். இருட்டு. கேமரா விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். ஆற்றங்கரைச் சரிவில் விழுந்து எழுந்து அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஹோலி ஒரு கம்பி வலை வேலியை இழுத்து அல் ஸ்நோவின் மேல் சுற்றி, அசைய முடியாமல் கட்டிப்போட்டு, மேலே படுத்துத் தோள்களைத் தரையில் அழுத்தி, நடுவரை மூன்று எண்ண வைக்கிறார். எண்ணி முடித்தால் வெற்றி.

அந்தக் காட்சியில் பின்னணிச் சத்தம் இருக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே உட்கார்ந்து திரையில் பார்க்கிறார்கள். வெளியே இரண்டு பேர் மூச்சு வாங்குவது மட்டும் மைக்கில் கேட்கும். மல்யுத்த நிகழ்ச்சியில் ஆரவாரம் இல்லாமல் அடி விழுவதைக் கேட்பது விசித்திரமான அனுபவம். தகரம் தகரமாகவே ஒலிக்கும்.

அதுவரை பாப் ஹோலியை யார் கண்டுகொண்டார்கள்? ஒரு காலத்தில் அவருக்குக் கார் பந்தய வீரர் வேடம் போட்டு ஸ்பார்க்கி பிளக் என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பெல்ட்டுக்குப் பிறகு அவர் பெயரே ஹார்ட்கோர் ஹோலி ஆனது. பட்டம் ஒருவருக்கு முதற்பெயராகிவிட்டது. உலக சாம்பியன் பெல்ட்கூட யாருக்கும் அப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

ஏப்ரல் 7

நாய்க் கூண்டுப் போட்டியைப் பற்றி எழுதச் சொல்லி நச்சரிக்கிறீர்கள். எழுதுகிறேன், சுருக்கமாக. 1999 செப்டம்பர், அன்ஃபர்கிவன் நிகழ்ச்சி, சார்லட் நகரம். அல் ஸ்நோவின் செல்ல நாயைப் பிக் பாஸ் மேன் சமைத்து அவருக்கே பரிமாறிவிட்டார் என்பது கதை. (ஆம், நான்கு வேளை சாப்பிடும் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதிய கதை.) பழி தீர்க்க ரிங்கைச் சுற்றி ஒரு கூண்டு, அதற்கு வெளியே இன்னொரு பெரிய கூண்டு, இரண்டுக்கும் நடுவே வெறிநாய்கள்.

வந்த நாய்களுக்கு வெறி இல்லை. சிறுநீர் கழித்தன. சில, காதலில் இறங்கின. உள்ளே இரண்டு பேர் உயிரைக் கொடுத்துச் சண்டை போட, பார்வையாளர்கள் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல் ஸ்நோ வென்றார். இவ்வளவுதான். மேலே கேட்காதீர்கள்.

ஏப்ரல் 9

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிராஷ் ஹோலி.

ஹார்ட்கோர் ஹோலியின் ஒன்றுவிட்ட தம்பி என்று அறிமுகம் செய்தார்கள். இயற்பெயர் மைக்கேல் லாக்வுட். அந்தக் கூட்டத்தில் ஆள் பொடியன். ஆனால் தான் 400 பவுண்டுக்கு மேல் என்று சாதிப்பான். எடை பார்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரிவான். ஒருமையில் எழுதுகிறேன், மன்னிக்கவும். அவனை 'அவர்' என்று எழுத மனம் வரவில்லை, அவ்வளவு பிரியம்.

2000 பிப்ரவரியில் டெஸ்ட் என்ற வீரரை வீழ்த்திப் பட்டத்தை வென்றதும் ஒரு சவால் விட்டான். இந்தப் பட்டத்தை இருபத்து நான்கு மணி நேரமும், வாரம் ஏழு நாளும், எங்கே வேண்டுமானாலும் காப்பேன். ஒரு நடுவர் பக்கத்தில் இருந்தால் போதும். அதுதான் 24/7 விதி. வாயைக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் இல்லை.

விமான நிலையத்தில் துரத்தினார்கள். ஓட்டல் அறையில் தூங்கும்போது மேலே படுத்தார்கள். ஃபன் டைம் யூ.எஸ்.ஏ. என்ற பிள்ளைகள் விளையாட்டுக்கூடத்தில் ஹெட்பேங்கர்ஸ் என்ற ஜோடி வீரர்கள் இருவர் அவன்மேல் பாய்ந்தார்கள். பிளாஸ்டிக் பந்துகள் நிரம்பிய தொட்டிக்குள் மூன்று தடியர்கள் முங்கி எழுந்து அடித்துக்கொள்ள, அவர்களோடு நடுவரும் உள்ளே இறங்கி, கை தட்டத் தரை கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்தார். கிராஷ் பெல்ட்டோடு நழுவி ஓடிவிட்டான்.

வாதம் வைத்த வாசகர் கவனிக்க வேண்டியது இதை. இந்த விதி பட்டத்தின் மதிப்பைக் குறைத்தது என்கிறீர்கள். மற்ற பட்டங்களுக்கு மாதம் ஒரு பெரிய போட்டி. இடையில் சாம்பியன் என்ன செய்கிறார்? ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசுகிறார். கிராஷ் மட்டும்தான் எந்நேரமும் சாம்பியனாக இருந்தான். பல் துலக்கும்போதும் சாம்பியன். யாரோ ஒருவரின் பேட்டியில், பின்னால் கதவு இடுக்கில் அவன் தலை தெரிந்தால் போதும், நாம் நிமிர்ந்து உட்காருவோம். எந்த வீரன் இத்தனை மலிவாக அத்தனை எதிர்பார்ப்பைக் கிளப்பினான்?

ஏப்ரல் 9, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த விதியின் இன்னொரு பலன், அதை வீட்டிலும் விளையாடலாம். கூண்டுப் போட்டிக்குக் கூண்டு வேண்டும், ஏணிப் போட்டிக்கு ஏணி வேண்டும். இதற்கு அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த பெல்ட்டும், தூங்கும் அண்ணனும் போதும். கேபிள் வந்த புதிதில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து ரா பார்த்த கூட்டத்தில் நானும் உண்டு. எங்கள் பெரியப்பா மகன் கல்யாணப் பந்தியில் இலையில் உட்கார்ந்திருந்தபோது பட்டத்தை இழந்தான். சாம்பார் வாளியோடு வந்தவர்தான் நடுவர். அவருக்கு விதி தெரியாது என்று அவன் இன்றுவரை அந்தத் தோல்வியை ஏற்கவில்லை.

ஏப்ரல் 12

நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியா, 2000-இல் எப்படி என்று கேட்டவருக்கு. ஏப்ரல் 2, அனஹைம். பதின்மூன்று பேர் ஒரே நேரத்தில் களத்தில். பதினைந்து நிமிடக் கெடு. யார் யாரை வீழ்த்தினாலும் பட்டம் அப்போதே கைமாறும். மணி அடிக்கும்போது கையில் வைத்திருப்பவருக்கே சொந்தம். கிராஷ் சாம்பியனாக உள்ளே நுழைந்தான், அரை நிமிடத்துக்குள் டாஸ் பறித்தார். அவரிடமிருந்து விசெரா. மலை மாதிரி ஆள், அதனால் பாதி நேரம் அவரிடமே இருந்தது. பிறகு ஃபுனாக்கி, ராட்னி, ஜோயி ஏப்ஸ், த்ராஷர், பீட் கேஸ், மறுபடி டாஸ், மறுபடி கிராஷ். கடைசி நொடியில் ஹார்ட்கோர் ஹோலி தன் தம்பியின்மேல் விழ, கெடு முடிகிறது.

எண்ணிக்கை மூன்று ஆனதா, ஆகவில்லையா? நடுவரின் கையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். பட்டம் ஹார்ட்கோர் ஹோலிக்கு என்று அறிவித்தார்கள். அரங்கமே குழம்பி நின்றது. மறுநாள் ரா நிகழ்ச்சியில் கிராஷ் திரும்ப எடுத்துக்கொண்டான்.

இந்தப் போட்டி எனக்கு உவப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலரும் இதைத்தான் இந்தப் பட்டத்தின் உச்சம் என்கிறார்கள். பத்து முறை கைமாறியது, பத்தில் எட்டை மறுநாளே மறந்துவிட்டோம். ராட்னி சாம்பியன் ஆனதில் ராட்னியின் வீட்டாரைத் தவிர யாருக்கு என்ன? இதை எழுதும்போது வாதம் வைத்தவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேனோ என்று சந்தேகம் வருகிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.

ஏப்ரல் 13

யோசிப்பதற்குள் வேறு பேச்சு. "பெண்கள் வென்ற முதல் ஆண் பட்டம் இதுதானா?" என்று கேள்வி. இது ஆண் பட்டமென்று யாரும் எழுதிவைக்கவில்லை. மக்மஹன் அவசரத்தில் ஒட்டிய பெல்ட். இந்தப் பட்டத்தைத் தொட்ட முதல் பெண், காட்ஃபாதர் என்ற வீரரோடு வந்தவர்களில் ஒருவரான பாப்கேட். 2000 மே மாதம் கிராஷை வீழ்த்தினார். பிறகு மாலி ஹோலி, டிரிஷ் ஸ்ட்ராட்டஸ், டெர்ரி.

அதே ஆண்டு கிழவர்களும் வந்தார்கள். மக்மஹனின் எடுபிடிகளாக வலம்வந்த ஜெரால்ட் பிரிஸ்கோவும் பேட் பேட்டர்சனும். பிரிஸ்கோ வென்ற கொண்டாட்டத்தில், கூடவே நின்று குடித்துக்கொண்டிருந்த உயிர்த்தோழன் பேட்டர்சனே அவரை மண்டையில் தட்டிப் பட்டத்தைப் பறித்தார். அப்போது பேட்டர்சனுக்கு 59 வயது. 2000 ஜூனில் கிங் ஆஃப் தி ரிங் நிகழ்ச்சியில் இரண்டு பேருக்கும் பெண்கள் விருந்துக்கு அணியும் நீள அங்கியை மாட்டிவிட்டு மோதவிட்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. இடையில் புகுந்து பட்டத்தை மீட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டவன் கிராஷ்.

பேட்டர்சன் யார் என்று இளையவர்களுக்குத் தெரியாது. இதே நிறுவனத்தின் இன்னொரு பட்டமான இன்டர்காண்டினென்டலுக்கு 1979-இல் முதல் சாம்பியன் அவர்தான். இந்தப் பெயரை மனத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 17

சரி, யோசித்தேன்.

அதிக முறை வென்றவர் கிராஷ் இல்லை. ரேவன், 27 முறை. கிராஷ் 22. இப்போது நேர்மையாகச் சொல்லுங்கள், ரேவனின் 27-இல் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கிறது? எனக்கு நினைவிருப்பது அவர் தோற்ற ஒன்றுதான். 2001 ஏப்ரல் 1, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், ரெஸில்மேனியா. கேன், பிக் ஷோ, ரேவன் மூவரும் அரங்கின் பின்பக்கத்தில் சுவரை உடைத்துக்கொண்டு போனார்கள். கோல்ஃப் வண்டியில் ரேவன் தப்பப் பார்க்க, இன்னொரு கோல்ஃப் வண்டியில் முகமூடி அணிந்த கேன் துரத்திய காட்சி. அந்த முகத்தோடு ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்து நிதானமாக ஓட்டி வருவதே சிரிப்பு. கேன் வென்றார்.

ரேவன் கணக்கு ஏன் ஏறியது? தொலைக்காட்சியில் வராத ஊர் ஊரான நிகழ்ச்சிகளில் ஒரே இரவில் பட்டம் நாலைந்து பேரிடம் போய், புறப்பட்டவரிடமே திரும்பிவரும். கூடியிருந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டம் கைமாறுவதைப் பார்த்த சந்தோஷம். அதையும் நிறுவனம் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. 240 என்று நீங்கள் காட்டும் எண்ணில் இந்தச் சில்லறை ஏராளம்.

என் கட்சி இதுதான். 24/7 விதிக்கு ஒரே ஒரு முன்நிபந்தனை இருந்தது: ஓடுகிறவன் ஒருவன், துரத்துகிறவர்கள் பலர். கிராஷ் ஓடியபோது ஒவ்வொரு கைமாற்றமும் கதையில் ஒரு திருப்பம், ஏனென்றால் அவன் அதைத் திரும்ப எடுக்க வருவான் என்று தெரியும். எல்லோரும் ஓடி எல்லோரும் துரத்தத் தொடங்கியதும் விதி மிஞ்சியது, கதை போய்விட்டது. விதியின்மேல் பழி போடுவது, கிராஷை எழுதத் தெரியாமல் கைவிட்டவர்களைத் தப்பவிடுவது.

ஏப்ரல் 17, அதே நாள்

ஸ்டீவ் பிளாக்மேன் ரசிகர் கோபமாக எழுதியிருக்கிறார். நியாயம்தான். மொத்தமாகக் கூட்டினால் அதிக நாட்கள் பட்டத்தை வைத்திருந்தவர் பிளாக்மேன். சிரிக்கவே மாட்டார், இரண்டு கைகளிலும் தடிகளைச் சுழற்றுவார், பெல்ட்டை உண்மையான பெல்ட் போலவே நடத்தினார். 2000 ஆகஸ்ட் சம்மர்ஸ்லாமில் ஷேன் மக்மஹன் மேடையின் இரும்புச் சட்டத்தில் மேலே மேலே ஏற, பிளாக்மேனும் பின்னாலேயே ஏறித் தடியால் முதுகில் விளாச, ஷேன் பிடியை விட்டு மல்லாந்து விழுந்தாரே, அது இந்தப் பட்டத்துக்கான போட்டிதான். விழுந்தவர் பெயர் நிலைத்தது. வென்றவர் பெயரை இப்படி யாராவது கோபப்பட்டு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 18

"பெரிய நட்சத்திரங்கள் வென்றதால் மதிப்பு கூடவில்லையா?" இல்லை, என் கணக்கில் குறைந்தது. 2001 ஜூலையில் ராப் வான் டேம் ஜெஃப் ஹார்டியை வீழ்த்தி வென்றார். டிசம்பரில் அவரிடமிருந்து அண்டர்டேக்கர் பறித்தார். அண்டர்டேக்கரை யார் போய்த் தூக்கத்தில் அமுக்குவது? 24/7 விதி அவரிடம் போனதும் ஊமையாகிவிட்டது. அவரைத் துரத்த யாருக்கும் துணிவில்லை என்றால் விளையாட்டே இல்லை.

அதைப் பிழைக்க வைத்தது மேவன். டஃப் இனஃப் என்ற புதுமுகத் தேர்வில் ஜெயித்து வந்த பையன். 2002 ஜனவரியில் ராயல் ரம்பிளில் அண்டர்டேக்கரைப் பின்னாலிருந்து உதைத்து வெளியே தள்ளினான். அதற்கு அவர் கொடுத்த அடி ஊரறிந்தது. அடுத்த மாதமே, ராக் குறுக்கே வந்த நேரம் பார்த்து, பட்டத்தையும் வாங்கிவிட்டான்.

பிறகு மார்ச் 17, டொரன்டோ ஸ்கைடோம், அந்த ஆண்டின் ரெஸில்மேனியா. மேவனும் கோல்ட்டஸ்டும் மோதிக்கொண்டிருக்க, ஸ்பைக் டட்லி ஓடிவந்து மேவன்மேல் விழுந்து பட்டத்தோடு ஓடுகிறான். அதோடு அந்தப் போட்டி நின்றுபோனது. அன்றிரவு முழுவதும், மற்ற போட்டிகளுக்கு இடையே, இந்தத் துரத்தல் துண்டு துண்டாக வந்தது. ஸ்பைக்கிடமிருந்து ஹரிக்கேன். ஹரிக்கேனின் உதவியாளர் வேடத்தில் இருந்த மாலி, வாணலியால் தன் தலைவன் தலையிலேயே ஒரு போடு. அவரை வீழ்த்திக் கிறிஸ்டியன். கிறிஸ்டியன் வெளியே வந்து டாக்ஸியில் ஏறப்போகும் நேரம் மேவன் பிடித்துச் சுருட்டி மூன்று எண்ண வைத்து, அதே டாக்ஸியில் ஏறிப் போய்விட்டான். வண்டி போன திசையில் கிறிஸ்டியன் காலை உதைத்து அழுததை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

பதின்மூன்று பேரைக் கொட்டிய 2000-ஐவிட இது எனக்கு நூறு மடங்கு மேல்.

ஏப்ரல் 21

முடிவுக்கு வந்த கதை. 2002 மார்ச்சில் நிறுவனம் தன் ஆட்களை ரா, ஸ்மாக்டவுன் என்று இரண்டாகப் பிரித்தது. ஹார்ட்கோர் பட்டம் ரா பக்கம் போனது. துரத்தக்கூடியவர்கள் பாதியாகிவிட்டார்கள். மே மாதம், டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அதே எழுத்துகளுக்காக வனவிலங்கு நிதியத்தோடு நடந்த வழக்கின் விளைவாக நிறுவனமே பெயரை டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாற்றிக்கொண்டது. கோடையில் பட்டங்களைக் குறைக்கத் தொடங்கினார்கள். ஜூலை 22-இல் இன்டர்காண்டினென்டல் சாம்பியன் ராப் வான் டேம், ஏணிப் போட்டியில் ஜெஃப் ஹார்டியை வென்று ஐரோப்பியப் பட்டத்தைத் தன் பட்டத்தோடு இணைத்தார். ஆகஸ்ட் 26, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், டாமி டிரீமரை வென்று ஹார்ட்கோர் பட்டத்தையும் இணைத்தார். கடைசியாக மோதிய இருவரும் பிலடெல்பியாவில் பிறந்த ஈ.சி.டபிள்யூ. என்ற இன்னொரு மல்யுத்த நிறுவனத்தில் வளர்ந்தவர்கள். நாற்காலியும் மேசையும் குப்பைத் தொட்டியும் ஆயுதமாகும் இந்த பாணியை அமெரிக்காவில் பரப்பியதே அந்த ஈ.சி.டபிள்யூ. தான். அது 2001-இலேயே திவாலாகியிருந்தது. சமாதிக்கு மண் தள்ள அதன் பிள்ளைகளையே அனுப்பினார்கள்.

பேட்டர்சனை மனத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அவர் 1979-இல் தொடங்கிவைத்த இன்டர்காண்டினென்டல் பட்டம், அவர் 59 வயதில் வென்ற ஹார்ட்கோர் பட்டத்தை விழுங்கியது. இரண்டு மாதம்கூட அது செரிக்கவில்லை. அக்டோபர் 20-இல் டிரிபிள் எச், கேனை வென்று இன்டர்காண்டினென்டலையும் உலகப் பட்டத்தோடு சேர்த்துவிட்டார். அது மறு ஆண்டே உயிரோடு திரும்பியது. ஹார்ட்கோர் திரும்பவில்லை.

ஏப்ரல் 22

"2003-இல் திரும்பியதே" என்கிறீர்கள். ஜூன் 23-இல் அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மிக் ஃபோலியைக் கௌரவித்து அந்தப் பெல்ட்டை அவரிடம் கொடுத்தார்கள். மேன்கைண்ட் வேடத்தில் முதலில் வாங்கியவரே அவர்தானே. அது நினைவுப் பரிசு, பட்டத்தின் மறுபிறப்பு இல்லை. அதற்காக யாரும் மோதவில்லை.

ஏப்ரல் 25

சிரித்துச் சிரித்து எழுதிவிட்டேன். ஒரு மருத்துவ மாணவர் நேற்று எழுதிய நாலு வரி என்னை நிறுத்திவிட்டது: அந்தப் போட்டிகளில் மண்டையில் விழுந்த நாற்காலிகளை எண்ணிப் பார்த்தீர்களா என்று.

எண்ணவில்லை. எண்ண விரும்பவும் இல்லை. தகரத் தட்டு சத்தம் போடும், வலிக்காது என்று அப்போது பேசிக்கொள்வோம். தட்டுக்கு அது பொருந்தும். இரும்பு நாற்காலிக்குப் பொருந்தாது. தலையில் நாற்காலியால் அடிப்பதை நிறுவனம் தடை செய்தது 2010-இல்தான். இந்தப் பட்டம் செத்து எட்டு ஆண்டு கழித்து.

கிராஷ் 2003 நவம்பரில் இறந்தான், 32 வயது. பிக் பாஸ் மேன் 2004-இல், 41. டெஸ்ட் 2009-இல், 33. 1999-இல் இந்தப் பட்டத்தை வென்று அல் ஸ்நோவுக்கே கொடுத்த டேவி பாய் ஸ்மித் 2002-இல், 39. இவர்கள் மரணத்துக்கு இந்தப் பெல்ட் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தலைமுறை வீரர்கள் எல்லாப் பிரிவிலும் இப்படிச் சரிந்தார்கள். ஆனால் உடலே மூலதனம் என்று சொல்லி, அடுக்கில் கீழே இருந்தவர்களுக்குத் தொலைக்காட்சியில் ஐந்து நிமிடம் கொடுத்த இடம் இது. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர்கள் எதையும் செய்யத் தயாராக இருந்தார்கள். மேவனின் டாக்ஸியில் யாருக்கும் தலை உடையவில்லை என்பதும் அதை எனக்குப் பிடிக்க ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏப்ரல் 26

எதிர் முகாமைப் பற்றியும் ஒரு வார்த்தை. டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனமும் போட்டிக்கு ஒரு ஹார்ட்கோர் பட்டம் தொடங்கியது. 1999 நவம்பர், மேஹெம் நிகழ்ச்சியில் முதல் சாம்பியன் நார்மன் ஸ்மைலி. இவர் ஆயுதத்தைக் கண்டாலே வீறிட்டு அலறுவார். அடிக்குப் பயந்து தலைக்கவசமும் மார்புக்கவசமும் மாட்டிக்கொண்டு வருவார். ஹார்ட்கோர் பட்டத்துக்குப் பயந்தாங்கொள்ளி சாம்பியன்! கிராஷுக்கு மூன்று மாதம் முந்தியே அந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். பிறகு வழக்கம்போலக் கெடுத்துக்கொண்டார்கள்.

அதன் கடைசி சாம்பியன் மெங். 2001 ஜனவரி 14-இல் வென்றார். ஜனவரி 21-இல் போட்டி நிறுவனத்தின் ராயல் ரம்பிளில் ஹக்கு என்ற தன் பழைய பெயரில் வந்து நின்றார். ஒரே வாரம். இங்கே சாம்பியனாக இருந்தவர் அங்கே போய்ச் சம்பளம் வாங்குகிறார். மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வையே மக்மஹன் வாங்கிவிட்டார். மெங்கிடம் போய்ப் பட்டத்தைக் கேட்கும் தைரியம் எவருக்கு இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சிரிப்பு. அந்த உலகிலேயே கைகலப்பில் எல்லோரும் அஞ்சிய ஆள் அவர்.

மே 3

வாதம் வைத்தவர் கடைசியாக ஒரு கல்லை எறிந்திருக்கிறார்: "2019-இல் 24/7 பட்டம் என்றே ஒன்று தொடங்கி, அதுவும் 2022-இல் செத்ததே, அப்போது விதிதானே குற்றவாளி?"

நல்ல கேள்வி. அந்தப் பட்டத்தை 2019 மே 20-இல் அறிமுகம் செய்தவரும் மிக் ஃபோலிதான். முதல் சாம்பியன் டைட்டஸ் ஓ'நீல். ஆனால் முதல் ஒரு வருடத்தை ஓட்டியவர் ஆர்-ட்ரூத். கோல்ஃப் மைதானத்தில், டிரேக் மேவரிக்கின் கல்யாணத்தில், சவூதி போகும் விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஜிந்தர் மஹாலின்மேல் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை வென்றார். ட்ரூத் ஓடிய காலம்வரை ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு அமெரிக்கக் கால்பந்து வீரர் கிராங்கவ்ஸ்கி, பாடகர் பேட் பன்னி என்று வந்துபோனவர்களிடமெல்லாம் பெல்ட் போயிற்று. 2022 நவம்பரில் டேனா புரூக்கை வென்ற நிக்கி கிராஸ், அன்றைக்கே அதைக் குப்பைத் தொட்டியை நோக்கி வீசினார்.

விதி இரண்டு முறையும் ஒன்றுதான். முதல் முறை கிராஷ் இருந்தவரை ஓடியது, இரண்டாம் முறை ட்ரூத் இருந்தவரை ஓடியது. விதியை நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், இந்த இரண்டு பேரையும் நான் சாட்சிக்கு அழைப்பேன். 240-ஐ அடுத்த முறை காட்டும்போது, அதில் ஊர் ஊராகப் போனபோது நடந்த கைமாற்றங்களைக் கழித்துவிட்டுத் தொலைக்காட்சியில் வந்தவற்றை மட்டும் பட்டியல் போட்டுக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு பேசுவோம்.